கரை இருக்கு, ஏரி எங்கே?

"செங்கச் சூளையாம்மா அது?" என்று கேட்டார் அப்பா.

கிராஸ்டர் என்ற சின்ன மீனவக் கிராமத்தின் கடைசி வீட்டைத் தாண்டி, மேய்ச்சல் நிலத்தின் படலைத் திறந்துகொண்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தோம். வலது கைப்பக்கம் கடல், இடது கைப்பக்கம் ஆடுகள். நேர் எதிரே, புல்தரை முடிகிற இடத்தில், மேல்பாதி இடிந்துபோன இரண்டு உருளைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அப்பா கேட்ட பிறகு எனக்கும் அது சூளையாகத்தான் தெரிந்தது. அதற்கு முன் மூன்று முறை அங்கே போய்வந்தவள் நான். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளை எல்லாம் கூட்டிப்போய், அந்த உருளைகளுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். அதோடு சரி.

டன்ஸ்டன்பரோ கோட்டை. இங்கிலாந்தின் வடகிழக்கு ஓரத்தில், நார்தம்பர்லாந்து கடற்கரையில் இருக்கிறது. நாங்கள் குடியிருக்கும் நியூகாசிலிலிருந்து வடக்கே காரில் ஒரு மணி நேரம். ஆனால் கார் கிராஸ்டரோடு நின்றுவிடும். அப்புறம் சுமார் 2 கிலோமீட்டர் கடலோரமாக நடந்தே தீரவேண்டும், சாலை கிடையாது. 700 ஆண்டுகளாக அந்தக் கோட்டைக்கு யாரும் ஒரு நல்ல ரோடு போடவில்லை என்பதே அதைப் பற்றிப் பாதி கதையைச் சொல்லிவிடும்.

அப்பா பொதுப்பணித்துறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலத்தில் முக்கால்வாசி செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிக்கரைகளிலேயே போனது. மழைக்காலத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் விளக்கோடு கிளம்பிப் போவார். கரையில் கசிவு இருக்கிறதா, மிகுதி நீர் வழிந்தோடும் கலங்கல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விடிந்துதான் வருவார். மூன்று மாதம் எங்களோடு இருக்க வந்த இடத்தில் அவருக்கு எந்த அரண்மனையும் பிடிக்கவில்லை. "நல்லா இருக்கு" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

கிராஸ்டர் துறைமுகம் மட்டும் பிடித்தது. இரண்டு கை சேர்த்து அணைத்த மாதிரி இரண்டு சுவர்கள், நடுவே நாலைந்து படகுகள். அந்த ஊர் நிலக்கிழார் குடும்பத்தில் ஒருவர் ராணுவ கேப்டனாக இருந்து, 1904இல் பிரிட்டிஷ் இந்தியப் படை திபெத்துக்குப் போனபோது அங்கே இறந்துபோனார். அவர் நினைவாக 1906இல் கட்டிய துறைமுகம் அது. திபெத்தில் விழுந்த ஒரு பிணத்துக்காக வடகடலில் ஒரு துறைமுகம். சாம்ராஜ்யம் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது. பக்கத்திலேயே ஹெர்ரிங் மீனைப் பிளந்து, ஓக் மரத்தூள் புகையில் தொங்கவிட்டுப் பதப்படுத்தும் கூடங்கள். கிப்பர் என்பார்கள். நம் ஊர் மத்திக்குக் கொஞ்சம் பெரிய அண்ணன் மாதிரி இருக்கும். "வெயில் இல்லாத ஊரு, கருவாட்ட வேற எப்படிப் போடுவான்" என்று அப்பா அதையும் சான்றளித்துவிட்டார்.

சரி, கோட்டைக்கு வருகிறேன்.

பாதி வழியில் அப்பா நின்றுவிட்டார். கால் வலியோ என்று பயந்தேன். அவர் கோட்டையைப் பார்க்கவே இல்லை. இடப்பக்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டை நிற்கும் மேட்டுக்கும் எங்களுக்கும் நடுவே நீளவாக்கில் ஒரு பள்ளம். அதன் ஓரமாகப் புல் மூடிய தாழ்வான மண்திட்டு ஒன்று வளைந்து போனது. பள்ளத்தில் கோரை மாதிரி ஏதோ வளர்ந்திருந்தது.

"இது கரைம்மா" என்றார்.

"இயற்கையா இருக்கிற மேடுப்பா."

"இயற்கை இவ்ளோ ஒழுங்காவா வளைக்கும்? கரை இருக்கு. ஏரி எங்கே?"

நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்கான தண்டனையாகத்தான் அடுத்த சில வாரங்கள் கிடைத்ததையெல்லாம் படித்துத் தீர்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் அரசனுக்கு அடுத்தபடி பெரிய சொத்துக்காரர் லங்காஸ்டர் பிரபு தாமஸ். பாட்டனார் மூன்றாம் ஹென்றி. அரசன் இரண்டாம் எட்வர்டுக்கு இவர் சித்தப்பா மகன், அதாவது பங்காளி. இந்த ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். லங்காஸ்டர், லெஸ்டர், டார்பி என்று மூன்று பிரபுப் பட்டங்கள் அப்பன் வழி. லிங்கன், சாலிஸ்பரி என்று இன்னும் இரண்டு, 1311இல் மாமனார் கண்ணை மூடியதும் மனைவி ஆலிஸ் வழியாக. ஐந்து பட்டங்கள் ஒரே ஆளிடம். எம்பிள்டன் என்ற இந்தக் கடலோர நிலமும் அப்பன் வழியில் வந்ததுதான். அதற்கு முன் அது சைமன் டி மான்ட்ஃபோர்ட்டுடையது. மூன்றாம் ஹென்றியை எதிர்த்துக் கிளம்பி 1265இல் ஈவ்ஷம் போர்க்களத்தில் செத்துப்போன கலகக்காரர். அவரிடமிருந்து பிடுங்கிய சொத்துகளை அரசன் தன் இளைய மகனுக்குக் கொடுத்தார். அந்த மகனின் மகன் தாமஸ். ஒரு கலகக்காரனின் நிலம் இன்னொரு கலகக்காரனிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

எட்வர்டுக்கு உயிருக்குயிரான ஒரு தோழர் உண்டு, பியர்ஸ் கேவ்ஸ்டன். பிரான்சின் காஸ்கனி பகுதிக்காரர். அரசன் அவருக்கு அள்ளிக் கொடுத்ததும், அவர் பெரிய பிரபுக்களுக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்ததும் யாருக்கும் பொறுக்கவில்லை. வாரிக் பிரபுவுக்கு அவர் வைத்த பெயர் 'ஆர்டன் காட்டுக் கறுப்பு நாய்'. 1312 மே மாதம் பிரபுக்களின் படை அவரை ஸ்கார்பரோ கோட்டையில் முற்றுகையிட்டது. அதுவும் கடலோரக் கோட்டைதான், இன்றைக்கு அதுவும் இடிபாடுதான். உயிருக்குப் பாதுகாப்பு என்ற வாக்குறுதியின் பேரில் அவர் சரணடைந்தார். வாக்குறுதி கொடுத்தவர் ஒருவர். வழியில் தூக்கிக்கொண்டு போனவர் அந்தக் கறுப்பு நாய். ஜூன் மாதம் வாரிக் நகருக்கு அருகில் பிளாக்லோ குன்றில் அவர் தலையை வெட்டினார்கள். குன்றைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அது தாமஸின் நிலம். 'என் மண்ணில் நடக்கட்டும், என்னைக் கேட்கட்டும்' என்று பொறுப்பேற்றுக்கொண்டார் பங்காளி.

அடுத்த ஆண்டு, 1313 மே மாதம், டன்ஸ்டன்பரோவில் வேலை தொடங்குகிறது. கொலைக்கு அரசனின் மன்னிப்பு வந்ததோ அக்டோபரில்தான். கொத்தளமும் ஞாயிலும் வைத்து ஒரு கட்டடத்தைக் கோட்டையாக்க அரசனிடம் உரிமம் வாங்கவேண்டும் என்பது அந்தக் கால நடைமுறை. தாமஸ் அந்த உரிமத்தை வாங்கியது 1315 ஆகஸ்டில். இதைச் சொன்னபோது அப்பாவுக்கு ஏக சந்தோஷம். "கட்டிட்டு அப்புறம் அப்ரூவல் வாங்கியிருக்கான். எல்லா ஊர்லயும் இதுதானா!"

இப்போது இடத்தைப் பாருங்கள். ஸ்காட்லாந்துப் படைகள் தெற்கே இறங்கும் பெருவழி இங்கிருந்து தொலைவில் உள்நாட்டுப் பக்கமாகப் போகிறது. காவல் காக்கப் பெரிய ஊர் எதுவும் பக்கத்தில் இல்லை. மேட்டுக்குத் தென்கிழக்கே ஒரு சின்னப் படகுத்துறை உண்டு, அவ்வளவுதான். எல்லையைக் காக்க என்று சொல்லிக்கொள்ளலாம். அக்கம்பக்கத்துச் சனங்கள் ஆடுமாடுகளோடு உள்ளே வந்து ஒண்டிக்கொள்ள இடம் போதும் என்றும் சொல்லலாம். மதிலுக்குள் மட்டும் சுமார் 11 ஏக்கர். நார்தம்பர்லாந்திலேயே பெரிய கோட்டை. எல்லாம் சரி. ஆனால் வாசல் கோபுரத்தின் உச்சியில் நின்று வடக்கே பார்த்தால், வளைந்து போகும் கடற்கரையின் அந்தக் கோடியில், ஒன்பது பத்து மைலுக்கு அப்பால் ஒரு பாறை தெரியும். அதன் மேல் பாம்பரோ கோட்டை. பாம்பரோ அரசனுடையது. இங்கிருந்து அது தெரிகிறது என்றால் அங்கிருந்து இது தெரியும். பங்காளி வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் கண்ணை உறுத்துகிற மாதிரி மாடி எடுத்துக் கட்டுவார்களே, அந்த வேலை.

தூரத்தில் சூளை மாதிரி தெரிந்த இரண்டு உருளைகள்தான் அந்த வாசல். கிட்டப் போனால் மிரட்டுகிறது. இரண்டு பக்கமும் அரைவட்டமாகப் புடைத்த மூன்று மாடிக் கோபுரங்கள். அவற்றின் மேல் இன்னும் இரண்டு நிலைக்குச் சிறு கோபுரங்கள் எழும்பியிருந்தன. நடுவே வழி. மேல்மாடியில் தாமஸ் விருந்து வைப்பதற்கான பெரிய மண்டபம். எட்வர்டின் தகப்பனார் முதலாம் எட்வர்ட் வேல்ஸ் நாட்டை அடக்கிக் கட்டிய ஹார்லெக் கோட்டை வாசலின் சாயல் இதில் அப்படியே இருக்கிறது. கட்டடக் கணக்குகளில் எலியாஸ் என்ற தலைமைக் கொத்தனாரின் பெயர் வருகிறது. 'உன் அப்பன் கட்டியதைப் போல உன்னால் கட்ட முடியவில்லை, நான் கட்டுகிறேன்' என்று கல்லில் சொன்ன மாதிரிதான். கல்வெட்டு தேவையில்லை, கற்கள் போதும்.

வடக்குப் பக்கம் மதிலே இல்லை. அங்கே செங்குத்தாகக் கருங்கல் பாறை, சுமார் 30 மீட்டர், கீழே கடல். வின் சில் என்று பெயர். சுமார் 29 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியிலிருந்து எரிகுழம்பு மேலே வந்து, மற்றப் பாறை அடுக்குகளுக்கு நடுவே பாய்ந்து உறைந்த கல். அதே கல்லைத்தான் பின்னாளில் கிராஸ்டரில் உடைத்துக் கப்பலேற்றி லண்டன் தெருக்களுக்கு அனுப்பினார்கள். பாறை விளிம்புகளில் கிட்டிவேக் பறவைகள் நூற்றுக்கணக்கில் உட்கார்ந்து கத்துகின்றன. தெற்கு ஓரத்தில், எகின்கிளூ என்ற கோபுரத்துக்கு அடியில், கடல் ஒரு சந்துக்குள் புகுந்து இடி மாதிரி முழங்கி வெளியே வருகிறது. எகின்கிளூ என்றால் அந்தப் பகுதிப் பழைய பேச்சில் கழுகுப் பள்ளத்தாக்கு. மேற்கே ஒற்றையாக நிற்பது லில்பர்ன் கோபுரம், 1320களில் இங்கே கோட்டைக் காவலராக இருந்தவரின் பெயர். அந்தக் கோபுரம்தான் எனக்குப் பிடித்தது. வாசலைப் போல அதற்குத் தற்பெருமை இல்லை.

ஏரி விஷயத்துக்கு வருகிறேன். அப்பா சொன்னது சரி.

2000களின் தொடக்கத்தில் தொல்லியல் ஆய்வாளர்கள் கோட்டையைச் சுற்றியுள்ள நிலத்தை அங்குலம் அங்குலமாக அளந்தார்கள். அதுவரை எல்லோரும் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், என்னைப் போல. அளந்தபோதுதான் முழு வரைபடமும் வெளிவந்தது. கோட்டை மேட்டின் நிலப்பக்கம் முழுவதும் மூன்று செயற்கை ஏரிகள். புல்மண்ணால் கரை எழுப்பி, நன்னீர் ஊற்று ஒன்றிலிருந்து வாய்க்கால் கொண்டுவந்து நிரப்பியவை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரிகள். நடுவே கோட்டை ஒரு தீவு. வருகிறவன் தண்ணீரை ஒட்டியே நடந்து வரவேண்டும். அப்படி வரும்போது அந்த வாசல் கோபுரம் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். எதிரியைத் தடுக்க அகழி வேறு தனியாக வெட்டியிருந்தார்கள். ஏரிகள் முக்கியமாக அழகுக்கு. மீன் வளர்த்திருப்பார்கள், அது வேறு.

அப்பாவால் இதை மட்டும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. "பாசனம் இல்ல. குடிதண்ணிக்கும் இல்ல. பாக்கறதுக்கா இவ்ளோ மண்ணு வெட்டினான்?" தண்ணீரை வெறுமனே பார்ப்பதற்காகத் தேக்குவது என்பது அவருடைய 34 ஆண்டுப் பணிக்காலத்தில் எந்தக் கோப்பிலும் வந்ததில்லை.

பார்ப்பதற்காகத்தான். ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். தண்ணீர் சூழ்ந்த கோட்டை, மூடுபனி, மறைந்து வெளிப்படும் கோபுரங்கள் என்றால் அந்தக் காலத்தில் எவனுக்கும் பிரிட்டனின் பழங்கதை நாயகன் ஆர்தர் மன்னனின் கதைதான் ஞாபகம் வரும். தாமஸ் பிற்பாடு ஸ்காட்லாந்துக்காரர்களோடு ரகசியமாகக் கடிதத் தொடர்பு வைத்துக்கொண்டபோது அவருக்கிருந்த மறைபெயர் என்ன தெரியுமா? 'ஆர்தர் மன்னன்'. ரகசியப் பெயர் வைப்பதிலும் அடக்கம் இல்லாத மனிதர்.

இவ்வளவு செலவழித்துக் கட்டியவர் அங்கே குடியிருந்தாரா? இல்லை. 1319இல் பெர்விக் நகர முற்றுகைக்கு வடக்கே போனபோது ஒருமுறை வந்து பார்த்திருக்கலாம் என்கிறார்கள். அதுவும் 'லாம்'தான். அவருக்கு உண்மையான வீடு தெற்கே, யார்க்‌ஷயரில், பான்டிஃப்ராக்ட் கோட்டை.

பங்காளிச் சண்டை முற்றியது. 1314இல் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸிடம் எட்வர்ட் பானக்பர்னில் தோற்று ஓடிவந்த போருக்கு தாமஸ் போகவே இல்லை. பிறகு சில ஆண்டுகள் ஆட்சியில் அவர் கை ஓங்கியிருந்தது. உருப்படியாக எதுவும் செய்யவில்லை. எனக்கு இந்த மனிதர் மேல் பெரிய மரியாதை வரவில்லை என்பதை ஒளிப்பானேன். எதிர்க்க மட்டும் தெரிந்தவர். 1322இல் எட்வர்ட் ஒருவழியாகப் படை திரட்டிக்கொண்டு வடக்கே வந்தபோது, பான்டிஃப்ராக்டில் கூடியிருந்த கூட்டாளிகள் தாமஸிடம் சொன்னது ஒன்றே ஒன்று: டன்ஸ்டன்பரோவுக்குப் போய்விடலாம். அங்கே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் அரசனுக்குக் கோபம் தணியும்வரை தாக்குப்பிடிக்கலாம்.

தாமஸ் மறுத்தார். வடக்கே போனால் ஸ்காட்லாந்துக்காரனோடு சேர ஓடுகிறேன் என்று சொல்வார்கள் என்றார். ரோஜர் கிளிஃபோர்ட் என்ற பிரபு வாளை உருவி, நீர் கிளம்பாவிட்டால் இங்கேயே உம்மைக் குத்திவிடுவேன் என்று சொன்ன பிறகே கிளம்பினார் என்று அக்கால வரலாற்றுத் தொகுப்பான 'புரூட்' சொல்கிறது. தான் கட்டிய கோட்டைக்குப் போகச் சொல்லிக் கழுத்தில் கத்தி வைக்கவேண்டியிருந்தது. எனக்கு இந்தக் கதையிலேயே மறக்க முடியாத இடம் இதுதான். இத்தனை வருடம் கல்லையும் தண்ணீரையும் வைத்து அரசனை மிரட்டியவர், உண்மையில் ஒளிந்துகொள்ள ஓர் இடம் தேவைப்பட்டபோது, அது ஒளிந்துகொள்ளும் இடம் என்றே நினைக்கவில்லை.

போய்ச் சேரவில்லை. மார்ச் 16ஆம் தேதி பரோபிரிட்ஜ் என்ற ஊரின் ஆற்றுப் பாலத்தில் ஆண்ட்ரூ ஹார்க்ளே என்பவர் வடக்கத்திப் படையோடு வழியை மறித்தார். கூட்டாளியான ஹியர்ஃபோர்ட் பிரபு பாலத்திலேயே ஈட்டிக் குத்தில் இறந்தார். மறுநாள் தாமஸ் பிடிபட்டார். அவருடைய சொந்த பான்டிஃப்ராக்ட் கோட்டைக்கே கொண்டுபோய், அவருடைய மண்டபத்திலேயே விசாரணை. பேச அனுமதி இல்லை. கேவ்ஸ்டனுக்கும் பத்து ஆண்டுகளுக்கு முன் யாரும் பேச இடம் கொடுக்கவில்லை. எட்வர்ட் அதை மறக்கவில்லை. மார்ச் 22ஆம் தேதி ஒரு நோஞ்சான் வெள்ளைக் குதிரையில் ஏற்றிக் கொண்டுபோனார்கள்; சனங்கள் பனிக்கட்டியை உருட்டி அவர் மேல் எறிந்தார்கள். கிழக்கே பார்த்து மண்டியிட்டவரை, உன் ஸ்காட்லாந்து சிநேகிதர்கள் இருக்கும் பக்கம் திரும்பு என்று வடக்கே திருப்பி வைத்து வெட்டினார்கள் என்கிறது அதே 'புரூட்'. வடக்கு என்றால் டன்ஸ்டன்பரோவும் அந்தப் பக்கம்தான்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அதே சனங்கள் அவருடைய கல்லறையில் அற்புதங்கள் நடப்பதாகச் சொல்லிக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். காவலுக்கு ஆள் போட்டு விரட்டவேண்டியதாகிவிட்டது. போப் புனிதராக அறிவிக்கவில்லை. மக்கள் அதற்குக் காத்திருக்கவும் இல்லை. அவரைப் பிடித்துக் கொடுத்த ஹார்க்ளேக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தது. அடுத்த ஆண்டே ராபர்ட் புரூஸோடு தானாகச் சமாதானம் பேசினார் என்ற குற்றத்துக்கு அவர் தலையும் போயிற்று. எட்வர்ட் 1327இல் பதவி இழந்தார். ஆக, சண்டையில் சம்பந்தப்பட்ட யாருமே மிஞ்சவில்லை. கோட்டை மிஞ்சியது.

1362இல் அது திருமண வழியாக ஜான் ஆஃப் கான்ட் கைக்கு வந்தது. மூன்றாம் எட்வர்டின் மகன், அவரும் லங்காஸ்டர் பிரபு, அவரும் மகா பணக்காரர், அவரையும் யாருக்கும் பிடிக்காது. 1381இல் அவர் ஸ்காட்லாந்தில் பேச்சுவார்த்தையில் இருந்தபோது தெற்கே விவசாயிகள் கிளர்ந்தெழுந்து லண்டனில் அவருடைய சவாய் மாளிகையைக் கொளுத்தினார்கள். திரும்பி வந்தவருக்கு நார்தம்பர்லாந்தில் கோட்டைக் கதவைத் திறக்கவில்லை. நார்தம்பர்லாந்து பிரபு பெர்சியின் உத்தரவு. நாட்டின் மிகப் பெரிய மனிதர் வாசலில் நின்றுவிட்டு, எதிரி நாட்டு எடின்பரோவுக்கே திரும்பிப்போய்த் தங்கினார்.

அதற்குப் பிறகு டன்ஸ்டன்பரோவில் நடந்த வேலை முற்றிலும் வேறு தினுசு. தாமஸ் ஊரைக் கூட்டிக் காட்டிய அந்தப் பெருமைமிக்க வாசல் வழியையே கல் வைத்து அடைத்துவிட்டார்கள். வாசல் கோபுரம் உள்காப்புக் கோபுரமாகிவிட்டது. பக்கத்தில் மதிலை உடைத்துச் சின்னதாக, முன்காப்பு வைத்த புது வாசல். அப்பா இரண்டு வாசல்களுக்கும் நடுவே நின்று மாறி மாறிப் பார்த்தார். "முதல் ஆளு விருந்தாளிக்காகக் கட்டினான். ரெண்டாவது ஆளு திருடனுக்காகக் கட்டினான்" என்றார். நான் படித்த எந்தக் கட்டுரையும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. 1384இல் ஸ்காட்லாந்துப் படை வந்து மோதிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போனது. அடைத்த வாசலைப் பிற்பாடு திறந்துவிட்டார்கள். இன்று சீட்டு வாங்கிக்கொண்டு நாம் நுழைவது தாமஸின் வாசல் வழியாகத்தான்.

லங்காஸ்டர், யார்க் என்ற இரண்டு அரச குடும்பக் கிளைகள் அரியணைக்காக மோதிக்கொண்ட ரோஜாப் போர்கள் என்ற உள்நாட்டுச் சண்டையில் 1461க்கும் 1464க்கும் நடுவே கோட்டை கைமாறிய கதையை விவரமாக எழுதினால் உங்களுக்கும் எனக்கும் தலை சுற்றும். ரால்ஃப் பெர்சி என்பவரை மட்டும் நினைவில் வைத்தால் போதும். லங்காஸ்டர் கட்சிக்காக இதைப் பிடித்துவைத்திருந்தவர், யார்க் கட்சியிடம் சரணடைவார். அவர்கள் மன்னித்து அவரிடமே சாவியைக் கொடுப்பார்கள். கொஞ்ச நாளில் மறுபடி பழைய கட்சிக்குத் தாவுவார். 1462 டிசம்பர் கடைசியில் மறுபடி சரண், மறுபடி மன்னிப்பு, மறுபடி சாவி. நம் ஊர் அரசியலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1464 ஏப்ரலில் ஹெட்ஜ்லி மூரில் அவர் போரில் இறந்தார். ஜூன் மாதம் கோட்டை கடைசி முறையாக யார்க் கட்சியிடம் போனது. பக்கத்து பாம்பரோ பணிய மறுத்தது. பீரங்கியால் அடித்துச் சாய்த்தார்கள். இங்கிலாந்தில் பீரங்கிக்கு விழுந்த முதல் கோட்டை என்று அதைச் சொல்வார்கள்.

பீரங்கி வந்த பிறகு உயரமான சுவருக்கு என்ன மரியாதை? 1538இல் வந்த ஆய்வு அறிக்கை 'மிகவும் பாழடைந்த வீடு' என்கிறது. 1603இல் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் ஒரே அரசர் ஆனதும் எல்லைக் காவல் என்ற சாக்கும் போய்விட்டது. அடுத்த ஆண்டே அரசாங்கம் விற்றுத் தலைமுழுகியது. கிரே குடும்பம் வாங்கி இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் வைத்திருந்தது. மதிலுக்குள் ஏர் உழுது பயிர் வைத்தார்கள். சுற்றுவட்டாரத்தில் வீடு கட்டியவர்கள் கல்லை எடுத்துப் போனார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. ஏரிகளை விட உருப்படியான உபயோகம்.

1797இல் 22 வயது டர்னர் என்ற ஓவியர் வந்தார். புயல் ஓய்ந்த காலையில் சூரியன் எழும்போது இடிந்த கோட்டை தெரிவதை வரைந்து அடுத்த ஆண்டு லண்டனில் காட்சிக்கு வைத்தார். அப்புறமும் பல தடவை இதை வரைந்தார். எப்படியும் பார்ப்பதற்காகவே கட்டிய கட்டடம். 500 வருடம் தாமதமாக அதற்கேற்ற ஆள் வந்து பார்த்திருக்கிறார். அந்தக் காலத்தில்தான் கை என்ற குதிரைவீரன் கதையும் பிரபலமானது. புயலுக்கு ஒதுங்கியவனை ஒரு மந்திரவாதி சுரங்கத்துக்குள் கூட்டிப்போகிறான். அங்கே தூங்கும் அழகி. வாளா ஊதுகொம்பா என்று கேள்வி. தவறாகக் கொம்பை எடுத்து ஊதி எல்லாவற்றையும் இழக்கிறான். இன்றுவரை சுவர்களுக்கு நடுவே தேடி அலைகிறானாம். அந்த இடத்தில் வீசும் காற்றைக் கேட்டால் நீங்களும் இப்படி ஒரு கதை கட்டுவீர்கள்.

பிறகு ஆர்தர் சதர்லண்ட் என்ற நியூகாசில் கப்பல் முதலாளி வாங்கி, 1929இல் பராமரிப்பை அரசிடம் ஒப்படைத்தார். 1961 முதல் பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்குச் சொந்தம். இடையில் இரண்டாம் உலகப் போர். ஜெர்மானியர் இறங்கலாம் என்று பக்கத்து எம்பிள்டன் கடற்கரையில் கான்கிரீட் காவல் அறைகள் கட்டினார்கள். அவை இன்னும் மணலில் சரிந்து கிடக்கின்றன. அந்தப் படையும் வரவில்லை.

அன்று அப்பா கோபுரத்துக்கு மேலே ஏறவில்லை. படி உயரம் என்றார். நானும் பிள்ளைகளும் ஏறி இறங்கி வருவதற்குள் ஆளைக் காணோம். தேடினால், வெளியே அந்தத் திட்டின் மேல் கைத்தடியோடு மெதுவாக நடந்துகொண்டிருக்கிறார். நாலு அடிக்கு ஒருமுறை தடியைக் குத்திப் பார்க்கிறார். ஒரு ஆடு சற்றுத் தள்ளி நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பும் வழியெல்லாம் அதே பேச்சு. ஊற்று எந்த உயரத்தில் இருந்திருக்கும், எந்தக் கரை முதலில் உடைந்திருக்கும். கோட்டையைப் பற்றிக் கேட்டதற்கு, "நல்லா இருக்கு" என்றார்.

அவர் ஊருக்குப் போய் ஐந்து மாதம் கழித்து, ஜனவரியில், இங்கே ஒரு வாரம் விடாமல் மழை. சனிக்கிழமை சற்று வெறித்ததும் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். சேறு முழங்கால் வரை. ஆடுகளைக் கூட ஓட்டிப்போயிருந்தார்கள். பள்ளத்தில் தண்ணீர் நின்றது. அதிகமில்லை, ஒரு முழம் இருக்கலாம், ஆனால் அந்தத் திட்டு வளைகிற இடத்தில் தண்ணீரும் அப்படியே வளைந்து நின்றது. குனிந்து, கைபேசியைத் தரையோடு வைத்து எடுத்தால், மேற்குப் பக்கத்துக் கோபுரம் தலைகீழாகக் கொஞ்சம் விழுந்தது.

அப்பாவுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. வெகுநேரம் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

"கலங்கல் எந்தப் பக்கம்னு பாத்தியா?" என்று வந்தது.